சூயிங் கம்மும் பலூனும் வேண்டாம்: அம்மாவின் முகவாதம் பற்றிக் கேட்டவருக்கு

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு வயது 54, எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. பதினேழு நாட்களுக்கு முன் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் முகம் வலப்பக்கம் இழுத்திருந்தது. அன்றே மருத்துவமனைக்குப் போனீர்கள். பக்கவாதம் இல்லை, முகவாதம்தான் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை 300-ஐத் தாண்டியதும் பயந்துபோய் ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டீர்கள். இப்போது தினமும் பிசியோதெரபியில் முகத்துக்குக் கரண்ட் (மின்தூண்டல்) வைக்கப் போகிறார்; வீட்டில் பயிற்சி என்று சூயிங் கம், பலூன். இடது கண் இன்னும் மூடவில்லை. இரண்டு மாதத்தில் தங்கையின் கல்யாணம். அம்மா மேடையேற மாட்டேன் என்கிறார். முகம் திரும்புமா, எத்தனை நாளாகும், இன்னும் என்ன செய்யலாம் என்பது உங்கள் கேள்வி.

பெரும்பாலும் திரும்பும். ஆனால் இப்போது வீட்டில் நடப்பவற்றில் பாதியை நிறுத்த வேண்டும், நடக்காத ஒன்றை இன்று இரவே தொடங்க வேண்டும். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிசியோதெரபி செய்து வருகிறேன். அம்மாவைப் பார்த்துச் சோதிக்காமல் எழுதுவதால், மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

தொடங்க வேண்டியது கண். நீங்கள் முகத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், கண்ணுக்கு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. வாய் கோணலாக இருந்தால் மனம்தான் வலிக்கும், பார்வைக்கு ஒன்றும் ஆகாது. மூடாத கண் காய்ந்தால் கருவிழியில் புண் வந்து பார்வையே போகலாம். கோணல் நேராகிவிடும், கருவிழியில் விழுந்த வடு லேசில் போகாது.

பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து, ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. இரவில் கண்ணுக்கென்றே உள்ள களிம்பைப் போட்டு, மேல் இமையை விரலால் மெதுவாகக் கீழே இழுத்து மூடி, மெல்லிய காகித பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். பஞ்சை வைத்துக் கட்டாதீர்கள். உள்ளே கண் திறந்துகொண்டு பஞ்சு கருவிழியில் உரசும். மின்விசிறிக்கு நேராகப் படுக்க வேண்டாம். வெளியே போனால் மூக்குக்கண்ணாடி அவசியம். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும், திங்கட்கிழமை வரட்டும் என்று இருக்கக் கூடாது. விளக்கெண்ணெய் விடு, தாய்ப்பால் விடு என்று யாராவது சொல்வார்கள். அன்போடுதான் சொல்வார்கள். தலையை ஆட்டிவிடுங்கள், அவற்றைக் கண்ணில் விடாதீர்கள்.

என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதைப் புரிந்துகொள்வது சுலபம். மூளையிலிருந்து வரும் ஏழாவது நரம்பு முக நரம்பு. காதுக்குப் பின்னால் உள்ள எலும்புக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் வழியாக அது வருகிறது. குழாயின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நரம்பு வீங்கினால் எலும்பு விட்டுக்கொடுக்காது. வீங்கிய விரலில் மோதிரம் இறுகுவதைப் போல நரம்பு தன்னைத்தானே நெரித்துக்கொள்கிறது. வீக்கத்துக்குக் காரணம், உடலில் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கிடந்த ஹெர்பிஸ் வைரஸ் விழித்துக்கொள்வது என்பதுதான் இன்று வலுவாக உள்ள கருத்து. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால் காற்றுப் பட்டது என்று ஊரில் சொல்வார்கள். ஜன்னலோரம் உட்காராதவர்களுக்கும் வருகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 20 முதல் 30 பேருக்கு வரும் நோய் இது. சர்க்கரை உள்ளவர்களுக்கும், கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கும் வாய்ப்புச் சற்று அதிகம். ஆகவே அன்று ஜன்னலைத் திறந்து வைத்தது யார் என்ற பஞ்சாயத்தை முடித்துக்கொள்ளலாம்.

அந்த நரம்பு காதை விட்டு வெளியே வந்து, கன்னத்தில் கையை விரித்து வைத்தால் விரல்கள் போகும் திசைகளில் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நெற்றி, கண், கன்னம், உதடு, தாடை, கழுத்து எல்லாம் இதன் கட்டுப்பாட்டில். நாக்கின் முன்பகுதி ருசியும் இதன் வழியாகத்தான் போகிறது. காதுக்குள் சத்தத்தை மட்டுப்படுத்தும் மிகச் சிறிய தசை ஒன்றும் இதை நம்பியிருக்கிறது. எவர்சில்வர் தட்டு விழும் சத்தமும் குக்கர் விசிலும் தலைக்குள் இடிப்பதாக அம்மா சொல்லியிருந்தால், சாம்பாரில் உப்புத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால், அதெல்லாம் இதே நோய்தான். தனியாகப் பயப்பட வேண்டியதில்லை.

பக்கவாதம் இல்லை என்று எப்படிச் சொன்னார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். முக்கியமான தடயம் நெற்றி. மூளையில் அடைப்பு ஏற்பட்டால் பெரும்பாலும் வாய் கோணும், நெற்றியில் சுருக்கம் விழும். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருவதே காரணம். முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றியும் சேர்ந்து வழவழவென்று ஆகிவிடும். பார்ப்பதற்குக் குறைவாகப் பாதித்த முகம்தான் அதிக ஆபத்தானது என்பது விசித்திரமான கணக்கு. ஆனால் இந்தச் சோதனையை வீட்டில் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. திடீரென்று யாருக்கு வாய் கோணினாலும், முக்கியமாகக் கை தளர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இனி ஸ்டீராய்டு. இந்த நோயில் பலன் தெளிவாக நிரூபிக்கப்பட்ட மருந்து அதுதான். 2007-இல் ஸ்காட்லாந்தில் 551 பேரிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கிப் பத்து நாள் சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் முழுதாகத் தேறியிருந்தார்கள். சாப்பிடாதவர்களில் 64 சதவீதம். ஒன்பது மாத முடிவில் 94-க்கு 82. வைரஸ் எதிர்ப்பு மாத்திரை மட்டும் கொடுத்ததில் பயனில்லை. அம்மா முதல் நாளே மாத்திரையைத் தொடங்கிவிட்டார், அது பெரிய விஷயம். சர்க்கரை ஏறியபோது மாத்திரையை நிறுத்துவதற்குப் பதிலாக மருத்துவரைக் கூப்பிட்டிருந்தால், சர்க்கரை மருந்தைச் சில நாட்களுக்குக் கூட்டி மீதி நாட்களை ஓட்டியிருப்பார். போனது போகட்டும். 2008-இல் வெளிவந்த, சுவீடனிலும் பின்லாந்திலும் நடத்திய இன்னொரு பெரிய ஆய்வில், முழு அளவு கொடுத்ததே முதல் ஐந்து நாட்கள்தான். அதன்பின் படிப்படியாகக் குறைத்தார்கள். ஆகவே முக்கியமான நாட்களுக்கான மருந்து அம்மாவின் உடலுக்குள் போயிருக்கிறது. பதினேழாம் நாளில் மறுபடியும் தொடங்க வேண்டாமா என்று கேட்காதீர்கள், அந்தக் கதவு மூடிவிட்டது. இப்போது சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பதுதான் நரம்புக்கு நீங்கள் செய்யக்கூடிய உபகாரம்.

மாத்திரையே இல்லாவிட்டாலும் இந்த நோய் எப்படிப் போகும் என்பதற்கு டென்மார்க்கின் கோபன்ஹேகனில் எரிக் பீட்டர்சன் என்ற மருத்துவர் இருபத்தைந்து ஆண்டுகள் குறித்து வைத்த கணக்கு இருக்கிறது, 2002-இல் வெளியிட்டார். சிகிச்சை எதுவும் பெறாத 1,701 பேரில் 71 சதவீதம் பேர் முழுதாகத் தேறினார்கள். 85 சதவீதம் பேருக்கு மூன்று வாரத்துக்குள் முதல் அசைவு தெரிந்தது. மீதிப் பேருக்கு அந்த அசைவு வர மூன்று முதல் ஐந்து மாதம் ஆனது. நடுவில் வருபவர்கள் குறைவு. ஏன் இப்படி இரண்டாகப் பிரிகிறது? நெரிபட்ட நரம்பு செத்துப்போகாமல் மயங்கி மட்டும் இருந்தால், வீக்கம் வடிந்ததும் எழுந்துகொள்கிறது. இழைகள் அறுந்தே போயிருந்தால் முதலிலிருந்து வளர்ந்து வர வேண்டும். நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். காதுக்குள்ளிருந்து உதட்டோரம் வரை 10 சென்டிமீட்டருக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேல் வருகிறதல்லவா?

அம்மாவுக்கு இன்று பதினேழாம் நாள். மூன்று வாரக் கெடு இன்னும் முடியவில்லை. அவர் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள். தொங்கிய கன்னம் சற்றே இறுகியிருக்கிறதா? மூக்கோரக் கோடு மங்கலாகத் திரும்பியிருக்கிறதா? பெரிய அசைவுக்கு முன்னால் இவைதான் பெரும்பாலும் வரும். தினமும் கண்ணாடியில் தேடினால் தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் செல்பேசியில் படம் பிடியுங்கள்: சும்மா இருப்பது, புருவம் உயர்த்துவது, மெதுவாகக் கண் மூடுவது, லேசாகச் சிரிப்பது, உதட்டைக் குவிப்பது. மருத்துவரிடம் காட்டவும் அது உதவும்.

இப்போது கரண்ட். இங்கே என் தொழில்காரர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் முகவாதம் வந்த எல்லோருக்கும் கரண்ட் வைத்தவள்தான். தசை துடிக்கும், நோயாளிக்கு நம்பிக்கை வரும், மூன்று வாரத்தில் முகம் திரும்பும், எனக்கு நல்ல பெயர் வரும். தானாகத் திரும்பும் நோய்க்கு யார் வைத்தியம் செய்தாலும் கைராசிக்காரர்தான். கரண்ட் தசையைத் துடிக்க வைக்கிறது, உண்மை. ஆனால் நரம்பை வளர்ப்பதாகத் தெரியவில்லை. முகவாதத்துக்கான பிசியோதெரபி ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்து அலசிய அறிக்கை ஒன்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பிடமிருந்து 2011-இல் வந்தது. கரண்ட்டால் பயன் உண்டு என்று அதில் நிரூபணமாகவில்லை. சேர்க்கப்பட்ட ஒரு சிறிய ஆய்வில், கரண்ட் வைத்தவர்களின் முகம் மூன்று மாதத்தில் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தது. அந்தப் பணத்தைச் சொட்டு மருந்துக்குச் செலவழியுங்கள் என்பது என் கருத்து. நிறுத்தினால் குற்றமாகிவிடுமோ என்று அம்மா பயந்தால், சிகிச்சை தருபவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள்: கரண்ட்டுக்குப் பதிலாக, அசைவு வந்ததும் கண்ணாடி பார்த்துச் செய்யும் பயிற்சியைச் சொல்லித் தருவீர்களா?

சூயிங் கம்மைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லும் தசைகளுக்குக் கட்டளை போவது ஐந்தாவது நரம்பு வழியாக. அம்மாவுக்குக் கெட்டிருப்பது ஏழாவது. சூயிங் கம் மென்றால் தாடைதான் வலிக்கும், கன்னத்துக்கு ஒரு லாபமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அறுவை மருத்துவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் மூலதனமாக்கிக்கொண்டார்கள். தொழுநோயிலும் முக நரம்பு கெட்டுக் கண் மூடாமல் போகும். வேலூருக்கு அருகே உள்ள கரிகிரி போன்ற தொழுநோய் மருத்துவமனைகளில், நெற்றிப்பொட்டில் இருக்கும் மெல்லும் தசையிலிருந்து ஒரு பட்டையைத் திருப்பி இமைகளோடு இணைத்துவிடுவார்கள். அதன்பின் பல்லைக் கடித்தால் கண் மூடும். நோயாளிகள் அதைப் பயின்று பழக வேண்டும். அவர்களுக்குச் சூயிங் கம் மெல்லுவது உண்மையிலேயே பயிற்சி. உங்கள் அம்மாவுக்கு அல்ல.

பலூன் அதைவிட மோசம். மூச்சைக் கட்டி ஊதும்போது நல்ல பக்கம் இரண்டு மடங்கு வேலை செய்யும். தளர்ந்த பக்கம் உப்பிக்கொண்டு சும்மா இருக்கும். கோணல் கூடும். கையும் காலும் தளர்ந்தால் எடை தூக்கிப் பலப்படுத்துகிறோம், அதே புத்தி முகத்திலும் வேலை செய்கிறது. முகத்துக்குத் தேவை பலம் அல்ல. சிரிப்பு என்பது சில கிராம் தோலை நகர்த்தும் வேலை. ஒரு தசை அசையும்போது பக்கத்துத் தசை சும்மா இருக்க வேண்டும். முகத்தின் வித்தை அவ்வளவுதான், அதுதான் கஷ்டமும்.

அது தவறினால் என்ன ஆகும் என்பதைப் பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஓர் ஆசிரியையிடம் பார்த்தேன். வைராக்கியமானவர். யாரோ சொன்னபடி தினமும் இருநூறு முறை கண்ணை இறுக்கி மூடி, வாயை இழுத்து, கன்னத்தை உப்பி வந்தார். ஐந்தாம் மாதத்தில் அசைவு வந்தது. எட்டாம் மாதத்தில் அவர் சிரித்தால் இடது கண் மூடிக்கொண்டது. கண்ணைச் சிமிட்டினால் வாயோரம் துடித்தது. அறுந்த இழைகள் வளரும்போது வழி தவறி, வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்கும் கண்ணுக்குப் போக வேண்டியது வாய்க்கும் போய்விடுகின்றன. இதைக் கூட்டசைவு என்று நான் சொல்வது வழக்கம். அவருடைய பயிற்சிதான் இதை உண்டாக்கியது என்று சொல்ல மாட்டேன். இழைகள் அறுந்த பலருக்கும் ஓரளவு வரும். ஆனால் முகம் முழுவதையும் ஒரே மூச்சில் இழுக்கும் பழக்கம் அதை ஊறவைத்துவிடுகிறது. சிலருக்கு உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய், சாப்பிட உட்கார்ந்தால் கண்ணில் நீர் கொட்டும். அதற்கு முதலைக் கண்ணீர் என்றே மருத்துவத்தில் பெயர். ஆசிரியைக்கு அதன்பின் ஒரு வருடம் எதிர்ப்பாடம் நடத்தினோம். கண்ணை அகலமாக வைத்துக்கொண்டே உதட்டைக் குவிப்பது, பாதியில் நிறுத்துவது, கட்டை விரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தை நீட்டி இளக்குவது. இறுகிய இடங்களுக்கு மிகச் சிறிய அளவில் போடாக்ஸ் ஊசியும் போட்டார்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை போட வேண்டியிருந்தது. நன்றாகவே தேறினார். முழுதாக அல்ல.

அப்படியானால் இப்போது அம்மா என்னதான் செய்வது? அசைவே இல்லாதவரை ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம். வெதுவெதுப்பான துணி ஒத்தடம், கண்ணுக்குப் படாமல். தளர்ந்த கன்னத்தைக் கீழிருந்து மேலாக மெதுவாக நீவிவிடலாம். முகவாதத் தைலம் தடவச் சொல்லிப் பாட்டி கட்டாயப்படுத்தினால், கன்னத்தோடு நிற்கட்டும், கண்ணுக்கு ஏற வேண்டாம். மூக்கில் எதையும் விட வேண்டாம். நல்ல பக்கத்தையும் மறக்காதீர்கள், எதிர்ப்புக்கு ஆளில்லாததால் அது இழுத்து இழுத்து இறுகியிருக்கும். அதையும் நீவித் தளர்த்துங்கள். சாப்பிடும்போது சோறு இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தங்கும். சாப்பிட்டதும் விரலால் துழாவி எடுத்துக் கொப்பளிக்க வேண்டும். குடிக்கும்போது இடது உதட்டோரத்தை விரலால் பிடித்துக்கொள்ளலாம். ப, ம, வ வரும் சொற்கள் நழுவும். அப்படியே ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பேசட்டும், வெட்கம் வேண்டாம்.

முதல் அசைவு வந்த பிறகுதான் கண்ணாடி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்தே நிமிடம். விரலால் லேசாகத் தாங்கிக்கொடுத்துச் சிறியதாக, மெதுவாக அசைக்க வேண்டும். இடது பக்கம் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவுதான் வலது பக்கமும் நகரலாம். அதற்கு மேல் வலது போனால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அம்மாவுக்கு இது சலிப்பாக இருக்கும். இருநூறு முறை இழுப்பதில் ஏதோ பாடுபட்ட திருப்தி உண்டு, இதில் அது கிடைக்காது.

எப்போது கவலைப்பட வேண்டும்? தளர்ச்சி வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால், இரண்டு பக்கமும் வந்தால், காதோரம் கட்டி தென்பட்டால், அந்தக் காது கேட்காமல் போனால், மூன்று மாதம் கழிந்தும் ஓர் அசைவும் இல்லையென்றால், இது சாதாரண முகவாதம் அல்லாமல் இருக்கலாம். நரம்பியல் அல்லது காது மூக்குத் தொண்டை மருத்துவர் பார்த்து எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இன்னொன்று: காது மடலிலோ காதுக்குள்ளோ சிறு கொப்புளங்கள் வந்திருந்தனவா, தாங்க முடியாத காது வலி இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்திருந்தால் அது அக்கி. பாடகர் ஜஸ்டின் பீபருக்கு 2022-இல் வந்தது அதுதான். அதற்கு வைரஸ் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள், தேறுவதும் கொஞ்சம் கடினம். அக்கிக்குக் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கம் உண்டு. எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் மாத்திரைக்குப் பிறகு.

அறுவை சிகிச்சையைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: நரம்புத் தொடர்பே இல்லாத தசை ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் சுருங்கிப் பயனற்றுப் போகும். நரம்பை ஒட்டுப்போடும் சிகிச்சைகளை அதற்கு முன் செய்தாக வேண்டும். ஆகவே ஓர் ஆண்டு கழிந்தும் அசைவே இல்லாதவர்கள் இன்னும் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தக் கூடாது. கெடு தாண்டியவர்களுக்கும் தொடையிலிருந்து தசை எடுத்துக் கன்னத்தில் வைப்பது போன்ற வழிகள் உண்டு.

கல்யாணத்துக்கு வருகிறேன். அடுத்த வாரத்துக்குள் கன்னத்தில் சிறு துடிப்புத் தெரிந்துவிட்டால், மேடையேறும் நாளில் பார்ப்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால், அன்றும் கோணல் இருக்கும். இரண்டுக்கும் தயாராக இருங்கள். கனடாவின் பிரதமராக இருந்த ஜான் கிரெட்டியனுக்குச் சிறு வயதில் வந்த முகவாதம் முழுதாகத் திரும்பவே இல்லை. 1993 தேர்தலில், அப்போது ஆட்சியில் இருந்த போட்டிக் கட்சியினர் அவருடைய கோணல் முகத்தைக் காட்டி ஒரு விளம்பரம் போட்டார்கள். மக்கள் கோபம் விளம்பரம் போட்டவர்கள் மேல்தான் திரும்பியது. நான் ஒரு பக்கம்தான் பேசுவேன், அவர்களைப் போல இரண்டு பக்கமும் பேச மாட்டேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். ஜெயித்தார். அம்மாவிடம் இதை உபதேசமாகச் சொல்லாதீர்கள், சிரிக்க வைப்பதற்காகச் சொல்லுங்கள்.

கல்யாணத்தன்று சொட்டு மருந்துப் பாட்டில் யாராவது ஒருவர் கையில் இருக்கட்டும். ஓமப் புகை இடது கண்ணுக்கு ஆகாது. புகை வராத பக்கமாக அம்மாவை உட்காரவையுங்கள். பல் தெரியச் சிரித்தால் நல்ல பக்கம் முழுவதும் இழுத்துக்கொள்ளும். வாயை மூடி, கண்ணாடி முன் பழகிய அந்தச் சிறிய சிரிப்பில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். புகைப்படக்காரரிடம் முதல் நாளே தனியாகப் பேசி, நேர் எதிரே நிற்காமல் அம்மாவின் வலப்பக்கத்தில் சற்றுத் தள்ளி நின்று எடுக்கச் சொல்லிவிடுங்கள். 'நல்லாச் சிரிங்கம்மா' என்று மட்டும் அவர் சொல்லிவிடக் கூடாது.